பெய்தும், பெய்தாலும்

‘மழை பெய்தும் கச்சேரிக்குப் போனோம்’ என்கிறோம். ‘மழை பெய்தாலும் போவோம்’ என்றும் சொல்கிறோம். மார்கழி மயிலாப்பூரில் இரண்டுக்கும் தேவையுண்டு. முன்னதில் மழை நடந்த செய்தி. பின்னதில் அது வரலாம், வராமலும் போகலாம். ஸ்பானிய மொழி இவ்விடத்தில் ‘அவுங்கே’ என்ற ஒரே இணைப்புச் சொல்லை வைத்துக்கொண்டு வினையின் ஈற்றை மாற்றுகிறது: ‘யுவேவே’ என்றால் பெய்கிறது என்று சொல்பவரே உறுதி கூறுகிறார், ‘யுவேவா’ என்றால் அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. செவ்வியல் லத்தீனில் இணைப்புச் சொல்லே வேறுபடும்: முன்னதற்குக் ‘குவாம்குவாம்’, பின்னதற்குக் ‘குவாம்விஸ்’.

மயிலைக்கும் இலக்கணத்துக்கும் உறவு பழையது. குணவீர பண்டிதரின் நேமிநாதம் இவ்வூர்ச் சமணக் கோயிலின் நேமிநாதர் பெயரையே தாங்கியது. கடலோரத்திலிருந்த அக்கோயில் இன்றில்லை. உ.வே.சா. 1918இல் வெளியிட்ட நன்னூல் பழைய உரையின் ஆசிரியர் மயிலைநாதர். தொல்காப்பியமும் நன்னூலும் உம்மைக்கு எட்டுப் பொருள் கூறுகின்றன. ஆயினும், பேசும் எவரும் பிழையின்றிக் கையாளும் இந்தப் பெய்தும்–பெய்தாலும் வேறுபாட்டுக்கு அந்த எட்டில் தனியிடம் இல்லை.

அதே கரையில் 1520களில் போர்த்துக்கீசியர் குடியேறினர், சாந்தோம் எழுந்தது. தெற்கே முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்ரிக்கே அன்ரிக்கஸ் 1549 அளவில் போர்த்துக்கீசியத்தில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார்; கையெழுத்துப் படி லிஸ்பனில் இருக்கிறது. வீரமாமுனிவரின் லத்தீன் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. லத்தீன் சட்டகம் தமிழுக்குப் பல இடங்களில் பொருந்தாச் சட்டைதான். ஆனால் உறுதி கூறும் வினை எது, கூறாத வினை எது என்ற கேள்வி அந்தச் சட்டகத்தோடுதான் வந்தது. அதற்காக நன்றி சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

மெய்யென்றால் ‘பெய்தும்’, ஐயமென்றால் ‘பெய்தாலும்’ என்று முடித்துவிடவும் முடியாது. ‘நீ என் மகனானாலும் விடமாட்டேன்’ என்னும் தந்தைக்கு அவன் மகன் என்பதில் ஐயமா என்ன? இருவரும் அறிந்ததை மீண்டும் அறிவிக்காமல், அது இவ்வழக்கில் எடுபடாது என்று ஒதுக்குகிறார். ஸ்பானியத் தந்தையும் இங்கே ‘அவுங்கே செயாஸ் மி இஹோ’ என்று ‘யுவேவா’ வகை வினையையே எடுப்பார். இன்றைய போர்த்துக்கீசிய ‘எம்போரா’ இன்னும் ஒருபடி மேல்: மழை கண்ணெதிரே கொட்டினாலும் அந்த வகை வினையைத்தான் கேட்கும்.

மொழிபெயர்ப்பாளர் இடறுவது இங்கேதான். மகன் என்பது மெய்தானே என்று நம்பி ‘நீ என் மகனாக இருந்தும் விடமாட்டேன்’ என்று எழுதினால், தந்தையின் கண்டிப்பு போய், மகனுக்கு அவன் பிறப்பைத் தெரிவிக்கும் விசித்திரம் வந்து நிற்கும்.