ஒரே கட்டளை, பல பதிப்புகள்

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், தட்டச்சு செய்யப்படும் கட்டளைக்குரிய நிரலைத் தேடும் கோப்புறைகளின் வரிசை ‘பாத்’ என்னும் மாறியில் இருக்கிறது; அவ்வரிசையில் எந்தக் கோப்புறையில் அப்பெயர் முதலில் அகப்படுகிறதோ, அங்குள்ள நிரலே இயங்கும். 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸின் பார்ன் ஷெல்லிலேயே காணப்படும் இந்த ஏற்பாடு, ஒரு பெயருக்கு ஒரு நிரல் என்றிருந்தவரை எவருக்கும் இடையூறாக இருக்கவில்லை. பலர் பகிர்ந்துகொண்ட கணினிகளில் ஒரே மென்பொருளின் பல பதிப்புகள் தேவைப்பட்டபோது, அம்மாறியைத் தேவைக்கேற்ப மாற்றியமைக்கும் ‘மாட்யூல்ஸ்’ என்னும் கருவியை 1991இல் ஜான் ஃபர்லானி முன்வைத்தார். மீக்கணினி மையங்களில் அது இன்றும் புழக்கத்தில் உள்ளது.

சிக்கல் முற்றியது பைத்தான் நிரல்மொழியில்தான். ரெட் ஹாட் வழி லினக்ஸ் தொகுப்புகளில் மென்பொருள்களை நிறுவும் ‘யம்’ என்னும் கருவியே பைத்தானில் எழுதப்பட்டிருந்ததால், இயங்குதளத்தோடு வந்த பைத்தானை அகற்றிவிட்டுப் புதியதை அதே இடத்தில் வைத்தவரின் கணினியில், அடுத்த மென்பொருளை நிறுவும் வழியே அடைபட்டது. இந்நிலையில் 2008 டிசம்பரில் பைத்தான் 3.0 வெளியாயிற்று. மூன்றை இரண்டால் வகுத்தால் பழைய பதிப்பு 1 என்றும் புதியது 1.5 என்றும் விடை தந்தன; ‘பிரிண்ட்’ என்பதை அடைப்புக்குறியின்றி எழுதிய பழைய நிரல்கள் புதிய பதிப்பில் தொடங்கவே இல்லை. பிழையைத் திருத்தியது நியாயமே என்றாலும், இரு பதிப்புகளும் ஒரே கணினியில் நெடுங்காலம் உடனுறைய வேண்டியதாயிற்று. 2015இல் முடிவதாக இருந்த பைத்தான் 2.7இன் ஆதரவு 2020 வரை நீட்டிக்கப்பட்டதே அதற்குச் சான்று.

இதற்கான தீர்வுகளுள் மிகவும் நேர்த்தியானது ரூபி மொழியினரிடமிருந்து வந்தது. அவர்களிடையே முன்பே பரவியிருந்த ஆர்விஎம், கோப்புறை மாற்றும் ‘சிடி’ கட்டளையையே திருத்தி எழுதி, பயனர் புகும் கோப்புறைக்கேற்ப ரூபியை மாற்றியது. 2011இல் சாம் ஸ்டீபன்சன் உருவாக்கிய ஆர்பிஎன்வ், ‘ஷிம்’ எனப்படும் சிறு இடைநிரல்கள் அடங்கிய ஒரு கோப்புறையைப் பாத் வரிசையின் தொடக்கத்தில் வைத்ததோடு நின்றது. ‘ரூபி’ என்று அழைத்ததும் முதலில் விழித்துக்கொள்ளும் இடைநிரல், நடப்புக் கோப்புறையில் ‘.ரூபி-வெர்ஷன்’ என்னும் கோப்பு உள்ளதா என்று பார்க்கிறது. இல்லையெனில் மேலுள்ள கோப்புறைகளில் ஒவ்வொன்றாக ஏறித் தேடுகிறது. எங்கும் கிடைக்காதபோது பொதுவாகக் குறித்துவைத்த பதிப்பிடம் கட்டளையை ஒப்படைக்கிறது. ஷெல்லின் எந்தக் கட்டளையும் திருத்தப்படவில்லை. பழைய தேடல் முறையே முழுச் சுமையையும் தாங்கியது. பைத்தானுக்கான பைஎன்வ் இதிலிருந்து கிளைத்ததே.

பதிப்புகளைப் பிரித்தாலும், ஒவ்வொரு திட்டத்துக்கும் வேண்டிய துணைத்தொகுதிகள் ஒன்றோடொன்று மோதும் இடர் தனியே எஞ்சியிருந்தது. அதற்கென இயன் பிக்கிங் 2007இல் வெளியிட்ட ‘வர்ச்சுவல்என்வ்’ காட்டிய வழியில், 2012இல் பைத்தான் 3.3 தன்னுள்ளேயே ‘வென்வ்’ என்னும் வசதியைச் சேர்த்துக்கொண்டது. அதைப் பயன்படுத்துவது நெடுங்காலம் பயனரின் விருப்பமாகவே இருந்தது. 2023இல் வெளியான டெபியன் 12 என்னும் லினக்ஸ் தொகுப்பிலோ, இயங்குதளத்துக்குரிய பைத்தானில் ‘பிப்’ வழியாகத் தொகுதி நிறுவ முயல்பவரை, அந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுவதாகச் சொல்லும் பிழைச்செய்தி தடுத்து, தனிச் சூழலை அமைத்துக்கொள்ளுமாறு பணிக்கிறது.