பல் விட்டுப்போன ரயில்

ரயில் தடம் புரளாமல் காப்பது சக்கரத்தின் உட்புறம் இருக்கும் விளிம்பு. சமவெளிக்கு அது போதும். செங்குத்தான மலைக்கு? அங்கே இரு தண்டவாளங்களுக்கு நடுவில் பற்கள் கொண்ட இரும்புப் பட்டையைப் பதிப்பார்கள். எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறும். இறங்கும்போது பிரேக்கும் அதே பற்சக்கரம்தான். நம் ஊட்டி மலை ரயிலில் இருப்பதும் இதுவே. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை.

ஆனால் பற்சக்கரம் பல்லை விட்டு மேலே எழும்பிவிட்டால்? வேல்ஸ் நாட்டின் ஸ்னோடன் மலை ரயிலில் அதுதான் நடந்தது, அதுவும் திறப்பு நாளான 1896 ஏப்ரல் 6 அன்றே.

உச்சியிலிருந்து இறங்கிய முதல் ரயிலின் எஞ்சினில் பல் விட்டுப்போனது. பிரேக் பிடித்தும் பயனில்லை. ஓட்டுநரும் உதவியாளரும் குதித்துத் தப்பினார்கள். எஞ்சின் பள்ளத்தில் விழுந்து நொறுங்கியது. பெட்டிகளை எஞ்சினோடு இணைக்காததால் அவை கூடவே விழவில்லை. தங்கள் பிரேக்கிலேயே நின்றன. உள்ளேயே இருந்தவர்கள் பிழைத்தார்கள். பயந்து வெளியே குதித்த பயணி ஒருவர் காயமடைந்து இறந்துபோனார்.

புதிதாகப் போட்ட பாதையில் மண் அமுங்கியதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. பாதை மீண்டும் திறக்க ஓராண்டு ஆனது. இம்முறை பல் பட்டையின் இருபுறமும் கூடுதல் இரும்புப் பட்டைகள் இருந்தன. எஞ்சினின் அடியிலிருந்து வரும் கவ்விகள் அவற்றின் கீழே கொக்கிபோல் நுழைந்திருக்கும். எஞ்சின் முன்னே பின்னே நகரலாம், மேலே மட்டும் எழும்ப முடியாது.

எளிமையான ஏற்பாடுதான். ஆனால் அது வருவதற்குள் ஓர் உயிர் போயிருந்தது.