திருவிழா, பேரணி, தீர்ப்பு: சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பால்புதுமையர் கொண்டாட்டங்களின் பொருள்மாற்றம்

உலகின் பெருநகரங்களில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நடைபெறும் ‘பிரைடு’ கொண்டாட்டத்தின் வரலாறு பெரும்பாலும் ஒரே வரிசையில் சொல்லப்பட்டு வருகிறது. 1969 ஜூன் 28 அதிகாலையில் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் காவல்துறை நடத்திய சோதனையை எதிர்த்துக் கலகம் மூண்டது. அதன் முதலாண்டு நினைவாக 1970 ஜூன் 28 அன்று நடந்த ஊர்வலமே பின்னாளைய பேரணிகளுக்கு மூலமாயிற்று. 1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் வடிவமைத்த வானவில் கொடி அதன் அடையாளமானது. காலப்போக்கில் வங்கிகளும் மதுபான நிறுவனங்களும் விளம்பர ஊர்திகளுடன் நுழைய, எதிர்ப்பு ஊர்வலம் கேளிக்கையாக நீர்த்துப்போனது என்பதே அந்த வரிசை. 2019-இல், ஸ்டோன்வாலின் ஐம்பதாம் ஆண்டில், நிறுவன ஊர்திகள் இல்லாத மாற்றுப் பேரணி ஒன்று நியூயார்க்கிலேயே நடத்தப்பட்டது இக்குறைபாட்டை ஒட்டித்தான்.

போராட்டம் கொண்டாட்டமாக மாறியதாகக் கூறும் இவ்வரலாற்றைத் தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களுக்கு அப்படியே பொருத்த இயலாது. சேலம் மாவட்டத்திலும், அதிலிருந்து 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டமாகப் பிரிந்த நாமக்கல்லிலும் கொண்டாட்டம் முதலில் வந்தது. உரிமைக் கோரிக்கை பின்னரே வந்தது. பால்புதுமையர், அதாவது பாலினத்தாலோ பாலீர்ப்பாலோ பெரும்பான்மையிலிருந்து வேறுபட்டவர்கள், இங்கு முதன்முதலில் ஊரறியத் தோன்றியது கோயில் திருவிழாவின் எல்லைக்குள்தான். அந்த எல்லையைக் கடந்து சாலைக்கும், நீதிமன்றத்துக்கும், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கும் அவர்கள் வந்த பாதையை இக்கட்டுரை தொடர்கிறது.

திருவிழாவின் அனுமதி

இவ்வட்டாரத்தைப் பற்றி எழுதுவோர் எவரும் திருச்செங்கோட்டில் தொடங்கவே விரும்புவர். சம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூர் எனப் பாடிய மலையில், மூலவர் அர்த்தநாரீசுவரர் வலப்பாகம் ஆணாகவும் இடப்பாகம் பெண்ணாகவும் நிற்கிறார். ஒருபுறம் வேட்டியும் மறுபுறம் புடவையுமாக ஒரே திருமேனிக்கு அலங்காரம் செய்யப்படுகிறது. ஆயினும் கருவறையில் வணங்கப்படும் வடிவத்தைக் கொண்டு தெருவில் நடமாடும் மனிதர்களுக்குக் கிடைத்த மதிப்பை அளப்பது பிழையான முறையாகும். மாதொருபாகனைக் கைகூப்பித் தொழுத ஊர்களே பெண்மை மிக்க ஆண்பிள்ளைகளை அடித்து விரட்டியும் இருக்கின்றன. தொன்மத்தைச் சான்றாகக் காட்டிச் சகிப்புத்தன்மையை நிறுவ முயலும் எழுத்துகள் பெருகியுள்ள இக்காலத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

ஆதலால் சிலையைவிடத் திருவிழாவே கூர்ந்து நோக்கத்தக்கது. நாமக்கல் பகுதிச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவரான எழுத்தாளர் அ. ரேவதி, தம் தன்வரலாற்றில் ஊர் மாரியம்மன் நோன்பைப் பற்றி எழுதியிருப்பது இவ்வகையில் முதன்மையான சான்றாகும். ஆண்கள் வேடமிட்டு வீடுவீடாகச் செல்லும் வழக்கத்தில் அவர் குறத்தி வேடம் கட்டினார். பிறருக்கு அது வேடம், அவருக்கோ அந்தச் சில நாட்கள் மட்டுமே தம் இயல்பில் இருக்க வாய்த்த காலம். பாவாடையும் பின்னலுமாக ஆடிய பிள்ளையைப் பாராட்டிய அதே ஊர், நோன்பு முடிந்த பிறகு அதே நடையைக் கேலி செய்தது. பிற்காலத்தில் அவர் டெல்லி சென்று திருநங்கையரின் ஜமாத்தில், அதாவது குரு, மகள், பேத்தி என்ற உறவுமுறைகளால் கட்டப்பட்ட குழுமத்தில், சேர்ந்ததும், பின்னர் பெங்களூருவின் ‘சங்கமா’ அமைப்பில் பணியாற்றியதும் அறியப்பட்ட செய்திகள். அவருடைய தன்வரலாறு 2010-இல் வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் முதலில் வெளிவந்து, அதன் பிறகே ‘வெள்ளை மொழி’ எனத் தமிழில் அச்சேறியது என்பது தமிழ்ப் பதிப்புலகம் கவனிக்க வேண்டிய ஒன்று.

மாரியம்மன் நோன்பு ஊருக்குள் அளித்த இந்தத் தற்காலிக அனுமதியைப் பன்மடங்கு விரித்துத் தந்தது கூவாகம். உளுந்தூர்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த இச்சிற்றூரில் சித்திரை முழுநிலவையொட்டி நடக்கும் கூத்தாண்டவர் திருவிழாவில், களப்பலியாவதற்கு முன் அரவானை மோகினி மணந்த கதை சடங்காக நிகழ்த்தப்படுகிறது. பூசாரியின் கையால் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர், மறுநாள் தேர் பந்தலடியை அடைந்ததும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்தி ஒப்பாரி வைக்கின்றனர். சுற்றுவட்டாரக் குடியானவர்களும் வேண்டுதலுக்காகத் தம் பிள்ளைகளுக்குத் தாலி கட்டிவைப்பது வழக்கம் என்பதால், இதைத் திருநங்கையருக்கு மட்டுமே உரிய விழாவாகக் கருதுவது பிற்காலப் பார்வையே. ஆத்தூர் வழியாகக் கிழக்கே செல்லும் சாலையில் சேலத்திலிருந்து எளிதில் சென்றடையக்கூடிய இவ்விழா, ஊரில் தனித்துக் கிடந்தவர்களுக்குத் தம்மைப் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர் என்பதை முதன்முதலில் காட்டியது. எனினும் இங்கும் மகிழ்ச்சிக்குக் கால வரையறை உண்டு. ஓரிரவு மணப்பெண்ணாக இருந்தவர் மறுநாளே கைம்பெண்ணாகித் திரும்ப வேண்டும்.

லாரி, நோய், நிறுவனம்

1990-களில் இவ்வட்டாரத்துக்கு வேறொரு வகையான கவனம் வந்து சேர்ந்தது. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலின் மையங்கள். வாரக்கணக்கில் வடமாநிலச் சாலைகளில் கழிக்கும் ஓட்டுநர்களும் கிளீனர்களும் நிறைந்த பகுதிகள். இந்தியாவில் முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்ட எச்.ஐ.வி. தொற்று பரவியபோது, மாநிலத்தில் மிகுந்த பாதிப்புக்குள்ளான மாவட்டங்களில் நாமக்கல்லும் ஒன்றாயிற்று. தொற்றுத் தடுப்புக்கென வந்த நிதி லாரி ஓட்டுநர்களோடு திருநங்கையரையும், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களையும் ‘இலக்குக் குழுக்கள்’ என வகைப்படுத்தித் தேடிச் சென்றது. அவர்களுக்கென ஓர் அலுவலகம், கூடிப் பேச ஓர் அறை, களப்பணியாளர் என்ற சம்பள வேலை ஆகியவை கிடைத்தது இதன் வழியாகவே. கூவாகமும் மாறியது, விழுப்புரத்தில் அழகிப் போட்டிகளும், விழிப்புணர்வு அரங்குகளும், ஆணுறை வழங்கலும் விழாவின் பகுதியாயின. திருநங்கையர் வாழ்வைப் பேசும் சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ நாவல் 1994-இல் வெளிவந்ததும் இச்சூழலில்தான். நோயின் பெயரால் கிடைத்த அங்கீகாரம் இழிவுபடுத்தும் தன்மையுடையது என்ற விமரிசனம் சரியானதே. ஆனால் அந்த அறைகளில் கூடியவர்களே பின்னர் பேரணிக்கும் ஆட்களைத் திரட்டினர்.

சாலைக்கு வந்த சுயமரியாதை

இந்தியாவின் முதல் பேரணியாகக் கருதப்படுவது 1999 ஜூலை 2 அன்று கொல்கத்தாவில் ஏறத்தாழ 15 பேர் நடந்து சென்ற நட்புநடை. 2008-இல் டெல்லியும் பெங்களூருவும் பேரணி நடத்தின. டெல்லியில் பலர் முகமூடி அணிந்தே நடந்தனர். சென்னையின் முதல் பேரணி 2009 ஜூன் 28 அன்று மெரினா கடற்கரைச் சாலையில் நடைபெற்றது. நான்கு நாட்கள் கழித்து, தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை வயது வந்தோரின் இசைவான உறவுகளுக்குப் பொருந்தாதெனக் குறுக்கி டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சென்னைப் பேரணி ‘வானவில் சுயமரியாதைப் பேரணி’ என்ற பெயரைச் சூடிக்கொண்டதில் ஓர் அரசியல் தொடர்ச்சி இருக்கிறது. அத்தொடர்ச்சிக்குச் சேலம் அந்நியமானதன்று. 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது சேலம் மாநாட்டில்தான். புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் 1920-களின் இறுதியிலிருந்தே நடைபெற்று வந்தபோதிலும், அவற்றைச் செல்லத்தக்கவை என ஏற்ற சட்டத் திருத்தம் 1967-இல் அண்ணா ஆட்சியில்தான் நிறைவேறியது. சட்டம் ஏற்கும்வரை காத்திராமல் ஊரறியக் கொண்டாடுவது, அக்கொண்டாட்டத்தையே கோரிக்கையாக்குவது என்ற முறை தமிழ்நாட்டில் ஏற்கெனவே பழகியது. வானவில் பேரணியும் அதே முறையில் நடந்தது.

திருவிழாவுக்கும் பேரணிக்கும் இடையிலான வேறுபாடு இவ்விடத்தில் தெளிவாகிறது. திருவிழாவில் சாமியின் பெயரால் அனுமதி கிடைத்தது. பேரணியில் எவர் பெயராலும் அனுமதி கேட்கப்படவில்லை, காவல்துறையின் எழுத்துமூல அனுமதியைத் தவிர. அத்துடன், கூவாகத்தில் இடம்பெறாத திருநம்பியரும், அதாவது பிறப்பில் பெண்ணெனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்வோரும், பெண்களை நேசிக்கும் பெண்களும் பேரணியில்தான் முதன்முறையாக ஒரே வரிசையில் நின்றனர்.

ஒரே அமர்வு, இரண்டு வழக்குகள்

377-ஆம் பிரிவை 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்ததும், 2014 ஏப்ரல் 15 அன்று அதே நீதிமன்றம் திருநர்களின் பாலின அடையாளத்தை அடிப்படை உரிமையாக ஏற்றதும் நாடறிந்தவை. சேலம், நாமக்கல் வட்டாரத்தைப் பொறுத்தவரை 2015-ஆம் ஆண்டே திருப்புமுனை.

சேலத்தைச் சேர்ந்த கணினிப் பட்டதாரியான பிரித்திகா யாஷினி, காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பப் படிவத்தில் ஆண், பெண் என்ற இரு கட்டங்களே இருந்ததால் அவரது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. எழுத்துத் தேர்வு முதல் உடற்தகுதித் தேர்வு வரை அவர் மீண்டும் மீண்டும் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 2015 நவம்பரில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் அடங்கிய சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, அவர் பணிக்குத் தகுதியுடையவர் என்றும், அடுத்த தேர்வுக்குள் திருநருக்கென மூன்றாம் பிரிவைச் சேர்க்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. 2017-இல் அவர் பக்கத்து மாவட்டமான தருமபுரியில் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார்.

இதே அமர்வுதான் 2016 ஜூலை 5 அன்று பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வழக்கிலும் தீர்ப்பு வழங்கியது. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவைக் களமாகக் கொண்ட அந்நாவல் ஊரின் மானத்தைக் கெடுத்துவிட்டதாகக் கூறிக் கடையடைப்பும் எரிப்பும் நடந்ததும், 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் எழுத்தாளரிடம் எழுதி வாங்கப்பட்டதும் நினைவுகூரத்தக்கவை. அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என அமர்வு கூறியது. நாவல் பால்புதுமையரைப் பற்றியதன்று; ஆனால் ஊர் மானம் என்ற பெயரில் தெருவை யார் ஆள்வது என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுவானது. அதே 2015-இன் ஜூன் 23 அன்று, ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர் கோகுல்ராஜ், வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த காரணத்துக்காகத் திருச்செங்கோட்டு மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆணும் பெண்ணும் சாதி கடந்து பேசுவதற்கே உயிரை விலையாகக் கேட்ட ஊர்களில் தன்பாலீர்ப்பாளர் வானவில் கொடியுடன் நடப்பது எளிதன்று என்பதையும், இவ்வட்டார இளைஞர் பலர் பெங்களூருக்கும் சென்னைக்கும் சென்று அங்குள்ள பேரணிகளில் நடப்பது ஏன் என்பதையும் இப்பின்னணியோடு சேர்த்தே விளங்கிக்கொள்ள முடியும்.

அன்றாடத்தில் கொண்டாட்டம்

2008 ஏப்ரல் 15 அன்று அமைக்கப்பட்ட திருநங்கையர் நல வாரியத்தின் நினைவாக அந்நாள் திருநங்கையர் தினமாக அறிவிக்கப்பட்டது. அரசே ஒரு கொண்டாட்ட நாளை வகுத்த இம்முறை, ஜூன் மாதப் பேரணியின் போக்கிலிருந்து மாறுபட்டது. மாவட்டங்களைச் சென்றடைந்ததும் இதுவே. 2020 ஜனவரியில் வெளியான ஊரக உள்ளாட்சித் தேர்தல் முடிவுகளில், திருச்செங்கோடு ஊராட்சி ஒன்றியத்தின் 2-ஆவது வார்டில் திமுக வேட்பாளராக நின்ற திருநங்கை ரியா வெற்றி பெற்றார். மாதொருபாகன் மலையடிவாரத்தில் சாலை, சாக்கடை, குடிநீர் குறித்துப் பேசும் உரிமை ஒரு திருநங்கைக்கு வாக்குச்சீட்டின் வழியே கிடைத்ததை, எந்தப் பேரணிக்கும் குறையாத நிகழ்வாகக் கருத இடமுண்டு. 2021-இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்கு அளிக்கப்பட்ட இலவசப் பயணம் திருநங்கையருக்கும் விரிவாக்கப்பட்டு, அவர்களுக்கெனத் தனிப் பயணச்சீட்டு அச்சிடப்பட்டது. நடத்துநர் அதைக் கிழித்துக் கொடுக்கும் கணத்தில், கேலிக்கு அஞ்சிப் பேருந்தைத் தவிர்த்தவர் அரசு ஆவணத்தில் பதிவான பயணியாகிறார். பிறர் முன்னிலையில் அச்சீட்டைக் கேட்டுப் பெறுவதற்கும் துணிவு வேண்டியிருக்கிறது என்பது இதன் மறுபக்கம்.

377-ஆம் பிரிவு 2018 செப்டம்பர் 6 அன்று நீர்த்துப்போன பிறகு சட்டப் போராட்டம் குடும்பத்தை நோக்கித் திரும்பியது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பெற்றோரிடமிருந்து தப்பிச் சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில், பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2022-இல் தமிழ்நாடு அரசு பால்புதுமையரைக் குறிக்கும் மதிப்பான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை ஏற்க மறுத்தபோது, இணையருக்குச் சட்ட அங்கீகாரம் வேண்டும் எனச் சிறுபான்மைத் தரப்பில் எழுதிய இருவரில் ஒருவர், முன்னர் பிரித்திகா யாஷினிக்கும் பெருமாள்முருகனுக்கும் தீர்ப்பு வழங்கிய அதே கவுல்.

பேரணிக்குள்ளும் கருத்து வேற்றுமைகள் வளர்ந்துள்ளன. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஊழியர்களுக்கு வானவில் பட்டி வழங்கும் காலத்தில், கடை கேட்டு, அதாவது கடைதோறும் காசு வாங்கி, வாழும் திருநங்கைக்குச் சென்னை சென்று திரும்பும் ஒரு நாள் என்பது வருமானம் இழந்த ஒரு நாளே. இப்பிளவை வெளிப்படையாகப் பேசியவர்களுள் முதன்மையானவர் தலித் திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு. 2015-இல் திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்தது தலித் திருநரின் சாதி நிலையைக் கணக்கில் கொள்ளவில்லை என்பதும், ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநருக்கெனப் பங்கு ஒதுக்கும் கிடைமட்ட இடஒதுக்கீடே தீர்வு என்பதும் அவரும் அவரோடு போராடுவோரும் முன்வைக்கும் வாதம். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் 1 விழுக்காடு கிடைமட்ட ஒதுக்கீடு வழங்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது. பேரணிப் பதாகைகளில் காதலுக்கு அருகே இந்த ஒரு விழுக்காடும் இடம்பெறத் தொடங்கியது, கொண்டாட்டத்தின் பொருள் அண்மையில் எத்திசையில் நகர்ந்துள்ளது என்பதற்குத் தெளிவான சான்று.

இவ்வரலாற்றுக்கான ஆவணங்களில் பெரும்பகுதி சென்னைப் பேரணியின் துண்டறிக்கைகளாகவும் நீதிமன்றத் தீர்ப்புகளாகவுமே உள்ளது. ஆத்தூர், ஓமலூர், இராசிபுரம், பரமத்தி வேலூர்ப் பகுதிகளின் ஜமாத் மூத்தவர்கள் கண்ட நோன்புகளும் கூவாகப் பயணங்களும் பெரும்பாலும் அவர்கள் நினைவில் மட்டுமே தங்கியுள்ளன. சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் இரு மாவட்டக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகளும், அம்மூத்தவர்கள் உயிரோடிருக்கும்போதே, அவர்கள் இசைவுடனும் உரிய மதிப்பூதியத்துடனும் அந்த வாய்மொழிச் சான்றுகளைப் பதிவு செய்ய முன்வர வேண்டும்.