நியாயப்பிரமாணமும் கிருபையும்: திருச்சபை வரலாறு கற்பிக்கும் பாடம்

மனிதன் இறைவனுக்கு உகந்தவனாவது சட்டங்களைக் கைக்கொள்வதாலா, அன்றி இறைவன் விலையின்றி வழங்கும் அருளாலா என்னும் வினா கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். இவ்விரண்டையும் சீர்திருத்தச் சபையார் நியாயப்பிரமாணம், கிருபை என வழங்குவர். இது வேத பண்டிதர்களுக்குரிய வாதமாயிற்றே, கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் இதற்கு இடம் ஏது எனச் சிலர் வினவக்கூடும். தமிழ்நாட்டில் இவ்வினாவுக்குத் தரப்பட்ட விடையே நம் முன்னோர் கோயிலில் எங்கே அமர்வது, திருவிருந்தில் எப்போது பங்கு பெறுவது, இறந்தபின் எந்த மண்ணில் அடங்குவது என்பவற்றைத் தீர்மானித்தது. ஆதலின் கிறிஸ்தவராயினும் இந்துவாயினும் நம் சமுதாய இளைஞர் ஒவ்வொருவரும் இவ்வரலாற்றை அறிதல் நன்று.

இவ்வினா முதன்முதல் கூர்மையடைந்தது உணவுப் பந்தியிலாகும். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அந்தியோக்கியா நகரில் யூதக் கிறிஸ்தவரும் பிற இனக் கிறிஸ்தவரும் ஒன்றாக உண்டு வந்தனர். பேதுருவும் அவர்களுடன் உண்டார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சிப் பந்தியினின்று விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் கண்டித்த செய்தியைக் கலாத்தியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் காணலாம். விருத்தசேதனம், உணவு விலக்கு முதலிய சட்டங்களை ஏற்றாலன்றிப் பிற இனத்தார் முழுக் கிறிஸ்தவராகார் என்பது ஒரு சாராரின் கொள்கை. விசுவாசமே போதும் என்பது பவுலின் கொள்கை. வாயால் கிருபையைப் போதித்துவிட்டுப் பந்தியினின்று எழுந்து செல்பவர், தம் செயலால் அக்கிருபையை மறுத்தவராகிறார். கிருபைக்கு உரைகல் பந்தி என்பதை மனத்திற்கொண்டு நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம்.

1517-இல் மார்ட்டின் லூதர் ஜெர்மனியில் தொடங்கிய சீர்திருத்தத்தின் உயிர்நாடி, கிருபையாலேயே இரட்சிப்பு என்பதாகும். அக்கொள்கையைத் தாங்கிய சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கால் வைத்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715 ஆண்டுகளில் அங்கேயே தமிழில் அச்சாயிற்று. தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய இராஜநாயக்கன் என்பவர் அந்நூலைப் படித்தார். பறையர் குலத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர், தாமே கற்றுத் தெளிந்து லூதரன் சபையில் சேர்ந்தார். படைத்தொழிலை விடுத்து உபதேசியாரானார். தஞ்சை நாட்டில் அச்சபை வேரூன்றுவதற்கு உழைத்த முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

1733-இல் ஆரோன் என்பவர் முதல் தமிழ்ப் போதகராகக் குருப்பட்டம் பெற்றார். அடுத்த போதகரைத் தெரிந்தெடுக்க வேண்டிய காலம் வந்தது. இராஜநாயக்கனின் உழைப்பை மிஷனரிமார் நன்கு அறிந்திருந்தனர். எனினும், அவர் கையால் திருவிருந்து பெற உயர்சாதிச் சபையார் இசையமாட்டார்கள் எனக் கருதி, 1741-இல் தியோகு என்பவருக்கே பட்டம் அளித்தனர். கிருபையால் மட்டுமே இரட்சிப்பு எனப் போதித்த சபையில், ஒருவரின் குருத்துவத்தைப் பிறப்பு என்னும் பிரமாணம் தடுத்தது. எருசலேமிலிருந்து வந்தோருக்கு அஞ்சிய பேதுருவின் நிலையே தரங்கம்பாடியிலும் மீண்டும் நேர்ந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாறும் இதற்கு விலக்கன்று. நம் மாவட்டத்து ஆவூர், இயேசு சபையாரின் மதுரை மிஷனுக்குரிய பழைய மையங்களுள் ஒன்றாகும். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, சாதி வழக்கத்தை உலகியல் சார்ந்த ஒழுங்காகக் கொண்டு பணியாற்றினார். காலப்போக்கில், உயர்சாதியார்க்கு ஒரு வகைக் குருக்களும் தாழ்த்தப்பட்டோர்க்குப் பண்டாரசுவாமிகள் எனப்பட்ட மற்றொரு வகைக் குருக்களும் பணிபுரிந்தனர். தாழ்த்தப்பட்ட நோயாளியின் வீட்டிற்குள் சென்று அருட்சாதனங்களை வழங்கக் குருக்கள் மறுக்கலாகாது என, போப்பாண்டவரின் தூதர் தூர்னோன் 1704-இல் புதுச்சேரியில் ஆணையிட்டார். இது குறித்து நெடுங்காலம் வழக்காடப்பட்டது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் போப்பாண்டவர் வெளியிட்ட ஆணையின்போது, தாழ்த்தப்பட்டோர்க்கெனத் தனிக் குருக்களை அமர்த்துவது என்னும் ஏற்பாடே ஒப்புக்கொள்ளப்பட்டது. சாகும் தறுவாயில் இருப்பவனின் வாசற்படியைத் தாண்டுவதற்கே நாற்பது ஆண்டு வாதம் தேவைப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வழக்கு வேறோர் உருவம் கொண்டது. கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முற்றாகவும் கைவிட வேண்டும் என 1833-இல் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் உயர்சாதிச் சபையார் பலர் இதனை ஏற்க மறுத்துச் சபையை விட்டு நீங்கினர். பெரும்புலவரான தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், இதற்கு முன்னரே 1829-இல் சாதித் திருத்தத்தை எதிர்த்து நூல் எழுதியிருந்தார். 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு, தாழ்த்தப்பட்டோர் சமைத்த உணவை உண்ண இசைவதே சாதியை விட்டதற்கு அடையாளம் என்னும் முடிவுக்கு வந்தது. லைப்சிக் லூதரன் மிஷனின் தலைவர் கார்ல் கிரௌல் இதனை ஏற்கவில்லை. உணவைக் கட்டாயமாக்குவது புதியதொரு நியாயப்பிரமாணம். சுவிசேஷம் புளித்த மாவைப் போல் உள்ளிருந்து மெல்ல மெல்ல மாற்றட்டும் என்பது அவர் கட்சி. சாதியை விட மனமில்லாத சபையார் பலர் அந்த மிஷனைத் தேடிச் சென்றனர்.

இளைஞர்கள் இவ்விடத்தில் நின்று சிந்தித்தல் வேண்டும். கிருபையின் பெயராலேயே சாதிக்குக் கால அவகாசம் கேட்கப்பட்டது. கட்டாயத்தால் உள்ளம் மாறாது என்னும் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஒரு நாள் விருந்தில் உடன் உண்டவர், மறுநாள் பெண் கொடுக்கவும் அண்டை வீட்டாராக வாழவும் மறுத்தமையை வரலாறு காட்டுகிறது. ஆயினும், மெல்ல மாறட்டும் என்றபோது காத்திருக்கும்படி பணிக்கப்பட்டவர் யாவர்? பின் பாயில் அமர்ந்திருந்தவரே. அவர் மீது சுமத்தப்பட்டிருந்த சாதியே எல்லாவற்றினும் கொடிய நியாயப்பிரமாணம் அன்றோ! கதவை அடைக்கும் சட்டத்தையும் அடைத்த கதவைத் திறக்கும் சட்டத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் தகாது. பவுல் அந்தியோக்கியாவில் பேதுருவுக்குக் கால அவகாசம் அளிக்கவில்லை என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் வேண்டும்.

காத்திருந்ததன் பயன் யாதென்பதை நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் காட்டுகிறது. அங்குக் கட்டப்பட்ட கோயிலில் சாதிக்கொரு பகுதியாக மக்களைப் பிரித்துச் சுவர் நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருக்கள் அச்சுவரை இடித்தபோது, உயர்சாதியார் நீதிமன்றம் ஏறினர். கோயிலுக்குள் சாதியால் தனியிடம் கோரும் உரிமை அவர்களுக்கு இல்லை எனச் சென்னை உயர்நீதிமன்றம் முடிவு கூறியது. இறைவன் சந்நிதியில் அனைவரும் சமம் என்பதைச் சொல்ல அரசாங்க நீதிமன்றம் தேவைப்பட்டது. நமக்கு அண்மையிலுள்ள திருச்சியில், மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தைச் சாதியால் பிரித்த சுவர் 2010-ஆம் ஆண்டிலும் போராட்டத்திற்குக் காரணமாயிற்று. 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது.

இவ்வரலாறு பழங்கதையன்று, இன்றைய வாழ்வையும் தொடுவதாகும். 1950 ஆகஸ்டு 10-ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதி உரிமைகளை இந்து சமயத்தாரோடு நிறுத்தியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவரானோர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். ஒரே தெருவில், ஒரே குருதியில் வந்த அண்ணன் ஒரு பட்டியலிலும் தம்பி மற்றொரு பட்டியலிலும் நிற்க நேர்ந்தது. காலணி தைக்கும் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் ஒருவர் தொடுத்த வழக்கில், 1985-இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பின்னும் அதே கொடுமை தொடர்வதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை எனக் கூறி மனுவை ஏற்க மறுத்தது. 2007-இல் அறிக்கை அளித்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. கிறிஸ்தவத்தில் சாதியில்லை எனச் சட்டம் கூறுகிறது. அதையே பிரசங்க பீடமும் கூறுகிறது. இரண்டிற்கும் நடுவே கல்லறைச் சுவர் நின்றது.

சான்று கேட்கும் உலகில் சான்று திரட்டுதல் கற்றவர் கடமையாகும். நம் மாவட்டத்து ஊர்களில் எந்தக் கோயிலில் எவர் எங்கே அமர்ந்தனர், தேர் எந்தத் தெருவோடு திரும்பியது, கல்லறை எங்கே பிரிந்தது என்பவற்றை அறிந்த முதியோர் நாளும் குறைந்து வருகின்றனர். ஞானஸ்நானப் பதிவேடுகளும் பழைய கல்வெட்டுகளும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. நம் இளைஞர்கள் இவற்றைத் தேதியோடும் ஊர்ப்பெயரோடும் எழுதிவைத்தல் வேண்டும். பழிவாங்கும் நோக்கம் இதற்கு வேண்டுவதில்லை. உண்மை மறையாதிருத்தலே நோக்கம்.

மற்றொன்றும் கூற வேண்டும். ஒதுக்கப்பட்டோர் கூடி அமைக்கும் சங்கத்திலும் நியாயப்பிரமாணம் நுழைதல் கூடும். சந்தா பாக்கி, சபைப் பிரிவு, உட்பிரிவு என்று காரணம் காட்டி ஏழை மாணவனை வாசலிலேயே நிறுத்தினால், நாமும் பந்தியை விட்டு எழுந்தவராவோம். விதிகள் வேண்டும், ஆனால் அவை உள்ளே வருவோர்க்குப் படியாக அமைதல் வேண்டும். குருப்பட்டம் மறுக்கப்பட்ட இராஜநாயக்கனை வரலாறு இன்றும் நினைவுகூர்வதற்குக் காரணம் அவர் ஒரு நூலைத் தாமே படித்து, தாமே முடிவு செய்தமையாகும். அக்கல்வியை நம் பிள்ளைகள் அனைவருக்கும் விலையின்றி வழங்குவதே, இக்கழகம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஆற்ற வேண்டிய பணியாகும்.