சுமிலோன் தீவும் ஆப்போத் தீவும்

கடலில் ஒரு பகுதியை எல்லை குறித்து, அங்கே எவரும் மீன்பிடிக்கலாகாது என விலக்கி வைப்பது இக்காலத்தில் நாடுகள் பலவும் கைக்கொண்டுள்ள முறையாகும். அவ்வாறு விலக்கிய பகுதியைக் கடற்காப்பகம் என்பர். அங்கே மீன் இடையூறின்றி வளரும்; பெருகிய மீன் எல்லை கடந்து வெளியே வந்து தொழிலாளர்க்குப் பயன்தரும் என்பது இம்முறையின் அடிப்படை. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. அவ்வெல்லையை வகுக்க வேண்டியவர் யார்? அலுவலகத்தில் வரைபடத்தை விரித்து வைத்திருப்பவரா, அக்கடலில் நாள்தோறும் தூண்டில் இடுபவரா? பிலிப்பைன் நாட்டின் இரு சிறு தீவுகளின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

சுமிலோன் என்பது செபு என்னும் பெருந்தீவின் தென்பகுதிக்கு அண்மையில் உள்ளது. ஆப்போ என்பது நெக்ரோஸ் தீவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ளது. இரண்டையும் முருகைக் கற்பார்கள் சூழ்ந்துள்ளன. இரண்டிலும் காப்பகம் தோன்றக் காரணமாயிருந்தவரும் ஒருவரே. அவர் துமகெற்றே நகரிலுள்ள சிலிமன் பல்கலைக்கழகத்தின் உயிரியற் பேராசிரியர் ஏஞ்சல் அல்காலா. அறிஞர் ஒருவர், கொள்கையும் ஒன்று, எனினும் இரு தீவுகளின் கதி வெவ்வேறாயிற்று.

சுமிலோனில் 1974ஆம் ஆண்டிலே காப்பகம் நிறுவப்பட்டது. அத்தீவில் நிலையாகக் குடியிருந்த மீனவர் எவருமிலர். எதிர்க்கரையிலிருந்தே தொழிலாளர் தோணிகளில் வந்து போயினர். எனவே, பல்கலைக்கழகமும் ஒஸ்லொப் நகராட்சியும் கூடி முடிவு செய்தன. கற்பாரின் ஏறக்குறைய கால்பங்கு விலக்கப்பட்டது. சில ஆண்டுகளில் மீன் பெருகிற்று. காப்பகத்துக்கு வெளியே தொழில் செய்தோரும் நல்ல மீன்பாடு கண்டனர். அறிஞர் கூறியது மெய்யென விளங்கிற்று.

ஆனால் 1984ஆம் ஆண்டில், உள்ளூர் அரசியலில் ஏற்பட்ட மாற்றத்தினால் அக்காவல் குலைந்தது. காப்பகத்தினுள்ளே மீனவர் புகுந்தனர். வெடி வைத்தோரும் உளர். கல் கட்டிய கயிறுகளால் கற்பாரைத் தட்டி மீனை வெருட்டி வலைக்குள் ஓட்டும் முரோ ஆமி என்னும் முறையைக் கையாண்டோரும் உளர். பத்தாண்டு சேர்த்த செல்வம் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் அழிந்தது. மீன்பிடிக்கும் பரப்பு அதிகரித்திருந்தும், மொத்த மீன்பாடு ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. காப்பகத்தின் நன்மையை எவரும் ஐயுறாதபடி மெய்ப்பித்தது அதன் அழிவேயாகும். அதனைத் தன்னுடையதெனக் கருதிக் காக்க அங்கே ஒரு மக்கட் கூட்டம் இருக்கவில்லை.

ஆப்போவின் நிலை வேறு. ஏறக்குறைய 74 ஹெக்டேயர் பரப்புள்ள அச்சிறு தீவிலே பல நூறு மக்கள் வாழ்ந்தனர். அவர்கட்குக் கடலே வயல். 1970ஆம் ஆண்டுகளில் வெடியும், சயனைட்டு நஞ்சும், கண் சிறுத்த வலையும் அக்கடலைக் கெடுத்திருந்தன. மீன் தேடிப் பத்துக் கிலோமீற்றர் வரை தோணி வலித்துச் செல்லும் நிலை ஏற்பட்டது. 1979ஆம் ஆண்டளவில் அல்காலாவும் அவருடைய துணைவரும் அங்கே சென்று மக்களுடன் உரையாடினர். சிலரைச் சுமிலோனுக்கு அழைத்துச் சென்று, அப்போது நிறைந்திருந்த மீனைக் கண்ணாரக் காணச் செய்தனர்.

அப்போதும் மக்கள் உடனே இணங்கினாரல்லர். அதில் வியப்பில்லை. அன்றாடம் பிடித்த மீனை விற்று அன்றாடம் அரிசி வாங்கும் குடும்பத்துக்கு, ஒரு துண்டுக் கடலை விட்டுக் கொடுப்பது ஒருவேளை உணவை விட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும். மூன்றாண்டு காலம் பேச்சு நடந்தது. 1982ஆம் ஆண்டில் 14 குடும்பங்கள் முன்வந்தன. கரையோரமாக 450 மீற்றர் நீளமும், கடலை நோக்கி 500 மீற்றர் தூரமும் கொண்ட பகுதியை அவர்கள் ஒதுக்கினர். கரையில் ஒருவர் இருந்து பார்த்தாலே போதும், அக்காவலைக் குடும்பங்கள் முறைவைத்துச் செய்தன, கூலி பெற்றாரல்லர்.

சிறிது காலத்தில் மீன் பெருகியதைக் கண்ட ஏனையோரும் இணைந்தனர். 1985ஆம் ஆண்டில் தீவு முழுவதும் ஏற்றுக்கொண்ட விதிகள் உள்ளூர்ச் சட்டமாயின. தீவைச் சூழ வெடி, நஞ்சு, முரோ ஆமி யாவும் தடுக்கப்பட்டன. தூண்டிலும், பெருங்கண் வலையும், மூங்கிற் கூடும் அனுமதிக்கப்பட்டன. இங்கே சட்டம் முன்னும் மக்கள் பின்னுமாக வரவில்லை; மக்களின் உடன்பாட்டைச் சட்டம் பின்தொடர்ந்தது. 1983 முதல் 2001 வரை நடந்த ஆய்வின்படி, தீவின் மீன்பாட்டில் பெரும்பங்கு வகிக்கும் பாரை மீன் முதலான இரு குடும்ப மீன்களின் நிறை காப்பகத்தினுள் மும்மடங்காயிற்று.

இவ்வெற்றியின் பயன் நாடு முழுவதும் பரவிற்று. 1991ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம், கரையிலிருந்து 15 கிலோமீற்றர் வரையுள்ள கடலை நகராட்சிகளின் பொறுப்பில் விட்டது. 1998ஆம் ஆண்டின் மீன்பிடிச் சட்டம், கடற்றொழிலாளரின் பிரதிநிதிகள் அமரும் ஆலோசனைச் சபைகளை ஏற்படுத்திற்று.

ஆயினும் வரலாறு இடையில் ஒரு கசப்பையும் காட்டுகின்றது. 1994ஆம் ஆண்டில் ஆப்போவை மத்திய அரசு தேசியப் பாதுகாப்புப் பிரதேசமாக்கிற்று. அப்போது சுற்றாடல் அமைச்சராயிருந்தவரும் அல்காலாவே. புதிய நிருவாக சபையிலே தீவு மக்களுக்கும் இடமிருந்தது. ஆனால் முன்போல முடிவு முழுவதும் அவர்கள் கையில் இல்லை. சுற்றுலாப் பயணிகள் செலுத்திய கட்டணம் தலைநகர் சென்று, காற்பங்கு கழிந்து, எஞ்சியது தாமதித்தே திரும்பிற்று. தாம் காத்த கடலுக்குத் தாமே கேட்டு நிற்க வேண்டிவந்ததே என மக்கள் மனம் வருந்தினர். நன்னோக்கத்துடன் வரும் அரசும், கேளாமற் பொறுப்பேற்கும்போது, உரியவரைப் பார்வையாளராக்கி விடக்கூடும்.

2011, 2012ஆம் ஆண்டுகளின் டிசெம்பர் மாதங்களில் வீசிய சூறாவளிகள் ஆப்போக் காப்பகத்தின் முருகைகளைப் பெரிதும் சிதைத்தன. புயலைத் தடுக்க எந்த மக்களாலும் இயலாது. ஆனால், சிதைந்த கற்பார் மீண்டும் தளிர்க்கும்வரை அதனைத் தொடாது பொறுத்திருப்பது மனிதரால் இயல்வது. அப்பொறுமையை அரசாங்க வர்த்தமானி உண்டாக்க முடியாது. கேட்கப்பட்டு, காட்டப்பட்டு, தாமே தீர்மானித்த மக்களிடத்திலேயே அது நிலைக்கும். கடலுக்கு எல்லை வகுக்க விரும்பும் எந்நாட்டவரும், முதலிற் கரைக்குச் சென்று அங்குள்ளோருடன் அமர்ந்து பேசுதல் வேண்டும். ஆப்போவில் அதற்கு மூன்றாண்டு சென்றது, அம்மூன்றாண்டும் வீண்போகவில்லை.