ஹெட்டர் குழாய்களும் தெற்குக் கலிபோர்னியாவின் வீட்டுப் பட்டறைகளும்

ஹெட்டர் என்பது கார் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் கழிவு வாயுவைத் தனித்தனியே வாங்கி, பின்னர் ஒன்றுசேர்த்து வெளியே அனுப்பும் எஃகுக் குழாய்த் தொகுதியாகும். தொழிற்சாலையிலிருந்து வரும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, காரின் உரிமையாளரே தம் வீட்டுக் கார் கொட்டகையில் இதைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில், குறிப்பாகத் தெற்குக் கலிபோர்னியாவில் வளர்ந்தது. உலகத்துக்குப் புகைமூட்டத்தின் காரணத்தைக் கற்றுக்கொடுத்ததும் அதே பகுதிதான். ஹெட்டரின் வரலாற்றை இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

குழாய் செய்யும் வேலை

வெளியேற்று வால்வு திறக்கும்போது கழிவு வாயு ஆற்று நீர்போலச் சீராக ஓடுவதில்லை. விட்டுவிட்டு, அழுத்த அலைகளாகப் பாய்கிறது. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு மலிவானது. இரைச்சலையும் ஓரளவு அடக்கும். ஆனால் அதன் குட்டையான அறைக்குள் பல சிலிண்டர்களின் வாயு கலப்பதால், ஒன்றின் அழுத்தம் மற்றொன்றின் வாயிலில் போய் முட்டுகிறது.

ஹெட்டரில் ஏறத்தாழச் சம நீளமுள்ள குழாய்கள் சற்றுத் தள்ளி ஓரிடத்தில் சேர்கின்றன. அந்த இடத்தை அடையும் அழுத்த அலை விரிவடையும்போது, குறைந்த அழுத்த அலை ஒன்று வால்வை நோக்கித் திரும்புகிறது. வால்வு மூடுவதற்குள் அது வந்து சேர்ந்தால், மீதமுள்ள கழிவை இழுத்துக்கொண்டு, புதிய எரிபொருள் கலவை நுழைய வழிவிடும். திறந்த குழாய் முனையில் ஒலி அலை எதிரொலிப்பதைப் பள்ளி இயற்பியலில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. எஞ்சினின் எந்தச் சுழற்சி வேகத்தில் இந்த நேரம் பொருந்தும் என்பதைக் குழாயின் நீளமும் விட்டமும் முடிவு செய்கின்றன. ஆகவே குழாய் பெரிதானால் ஆற்றலும் கூடும் என்ற பரவலான எண்ணம் தவறானது. அளவு மீறிய விட்டம் குறைந்த வேகத்தில் இழுவையைக் கெடுத்துவிடும்.

வறண்ட ஏரிகள்

1932ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் கொண்ட வி8 எஞ்சினை எளிய மக்கள் வாங்கும் விலையில் வெளியிட்டது. அதன் வால்வுகள் சிலிண்டர் கட்டைக்குள்ளேயே இருந்தன. கழிவு வாயு, குளிர்நீர் சூழ்ந்த அந்தக் கட்டையைக் கடந்தே வெளியே வந்தது. ஒரு பக்கத்துக்கு நான்கு சிலிண்டர்கள், வாயில்களோ மூன்று. நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்கள் ஒரே வாயிலைப் பகிர்ந்துகொண்டன. எஞ்சின் எளிதில் சூடேற இது ஒரு காரணம்.

இக்குறையைத் தங்களால் இயன்றவரை சரிசெய்ய முனைந்த இளைஞர்கள், லாஸ் ஏஞ்சலஸுக்கு வடகிழக்கே மோஹாவி பாலைவனத்தின் முரோக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப்படுகைகளில் தங்கள் கார்களை ஓட்டிப் பார்த்தனர். அவர்களது குழுக்களை இணைத்து 1937இல் தெற்குக் கலிபோர்னியா நேர அளவைச் சங்கம் உருவானது. 1948 சனவரியில் ஹாட் ராட் இதழ் தொடங்கியபின், நண்பர்கள் வாய்வழி சொல்லிக்கொண்டிருந்த நுட்பங்கள் நாடு முழுவதும் அச்சில் சென்றன.

குழாய் செய்வோர் கடை வைத்து வணிகரானதற்குச் சான்று இண்டியானாபொலிஸ் 500 பந்தயம். 1957இல் சாம் ஹேங்க்ஸ் வென்ற கார் பெலாண்ட் என்ற கலிபோர்னிய வெளியேற்றுக் குழாய் நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்தது. மறு ஆண்டு அதே காரில் ஜிம்மி பிரையன் வென்றார்.

கொர்வெட்டின் அடியில்

1953இல் ஆறு சிலிண்டர் எஞ்சினுடன் அறிமுகமான செவர்லே கொர்வெட் விளையாட்டுக் கார், 1955இல் 265 கன அங்குல வி8 எஞ்சினைப் பெற்றது. இந்த எஞ்சின் குடும்பம் எண்ணற்ற கார்களில் இடம்பெற்றதால், ஹெட்மன், ஹூக்கர் போன்ற நிறுவனங்கள் அதற்கென அளவெடுத்த ஹெட்டர்களைப் பெட்டியில் அடைத்து விற்க முடிந்தது. வெல்டிங் தெரியாதவரும் ஸ்பேனர் பெட்டியுடன் வேலையில் இறங்கலாம் என்ற நிலை வந்தது.

வேலை சொல்வதற்கு எளிது. எஞ்சின் நன்றாக ஆறியபின் பேட்டரி இணைப்பைக் கழற்றி, காரை உயர்த்தித் தாங்கிகளின்மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுப்பது உயிருக்கே ஆபத்து. துருவேறிய போல்ட்டுகளுக்கு முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுவார்கள். அப்படியும் ஒரு போல்ட் தலை முறிந்து, உடல் மட்டும் எஞ்சினுக்குள் நின்றுவிட்டால், ஒருநாள் வேலை ஒரு வார வேலையாகிவிடும். துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். பழைய கேஸ்கட்டின் எச்சத்தைச் சுரண்டி, எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் திருகி, பிறகு நடுவிலிருந்து வெளிப்புறமாக முடுக்குவது முறை. சில முறை எஞ்சின் சூடாகி ஆறியதும் அவை தளரும். மறுபடி முடுக்காவிட்டால் டிக் டிக்கென்று வாயு கசியும்.

கொர்வெட்டுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. அதன் உடல் கண்ணாடியிழையால் ஆனது. உலோக உடலைப்போல மின் இரைச்சலைத் தடுக்காது. எனவே ரேடியோ கரகரக்காமல் இருக்க, ஸ்பார்க் பிளக் கம்பிகளை மேனிஃபோல்டின் கீழாகக் கொண்டுசென்று, உலோகக் கவசங்களால் மூடியிருந்தார்கள். ஹெட்டர் வந்தால் அந்தக் கவசத்துக்கு இடமில்லை. கம்பிகளை மேல்வழியாக மாற்ற வேண்டும். சூடான குழாயில் பட்டால் உருகிவிடும். பாட்டா வேகமா என்று உரிமையாளர் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

புகைமூட்டம்

பாசடீனாவில் உள்ள கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித் 1950களின் தொடக்கத்தில் ஓர் உண்மையை வெளிப்படுத்தினார். கார்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன. கண்ணை எரிக்கும் லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டம் அதுதான். 1967இல் அமைக்கப்பட்ட கலிபோர்னியக் காற்றுவள வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம், 1975 மாதிரிக் கார்களில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பன்களையும் 90 விழுக்காடு குறைக்கக் கோரியது. கெடு பிறகு தள்ளிப்போனாலும், 1975 கொர்வெட் வினையூக்கி மாற்றியுடனே வந்தது.

1970இல் 300 குதிரைத்திறன் என்று விளம்பரப்படுத்தப்பட்ட அடிப்படைக் கொர்வெட், 1975இல் 165 ஆனது. பலரும் இவ்விரு எண்களை அப்படியே ஒப்பிட்டுச் சட்டத்தைச் சாடுவதுண்டு. அது முழு நியாயமல்ல. முதல் எண் துணைக் கருவிகள் இல்லாத எஞ்சினை மேசையில் வைத்து அளந்தது. 1972 முதல் காரில் இருப்பதுபோலவே அளக்கும் முறை வந்துவிட்டது. ஆற்றல் குறைந்தது உண்மைதான், ஆனால் பாதியளவுக்கு அல்ல.

கலிபோர்னிய வாகனச் சட்டத்தின் 27156ஆம் பிரிவு, மாசுக்கட்டுப்பாட்டு அமைப்பின் செயலைக் குறைக்கும் உதிரிபாகங்களைத் தடை செய்கிறது. சோதித்து விலக்குப் பெற்ற ஹெட்டருக்கு வாரியம் ஓர் ஆணை எண் தரும். வினையூக்கி மாற்றியை இடம் மாற்றாத குட்டை ஹெட்டர்களுக்கு அந்த எண் கிடைப்பது எளிது. மாற்றியைப் பின்னுக்குத் தள்ளும் நீண்ட குழாய்களுக்கு அரிது. 1984இல் தொடங்கிய புகைச் சோதனையில், ஆய்வாளர் வால்குழாயில் கருவியை வைப்பதோடு நிற்காமல், எஞ்சின் மூடியைத் திறந்தும் பார்ப்பார். 1975 வரையிலான பெட்ரோல் கார்கள் இன்று இந்தச் சோதனைக்கு வர வேண்டியதில்லை. ஒரே தோற்றமுடைய இரண்டு கொர்வெட்டுகளில் 1975ஆம் ஆண்டினது வீட்டிலேயே நிற்க, 1976ஆம் ஆண்டினது சோதனை நிலையத்தின் வாசலில் நிற்கிறது. கழற்றிய பழைய மேனிஃபோல்டைப் பழைய இரும்புக்குப் போடாமல் கொட்டகையின் மூலையில் வைத்திருக்கும் பழக்கமும் இப்படித்தான் வந்தது.

இதற்கிடையே 1981 கொர்வெட்டில், எடையைக் குறைப்பதற்காகத் துருவேறா எஃகுக் குழாய் ஹெட்டர்களைச் செவர்லே தானே பொருத்தி அனுப்பியது. 2015ஆம் ஆண்டின் நான்கு சிலிண்டர் ஃபோர்டு மஸ்டாங்கில் மேனிஃபோல்டு சிலிண்டர் தலையுடன் ஒரே வார்ப்பாகிவிட்டது. டர்போ நேரடியாக அதன்மேல் அமர்கிறது. அந்தக் காரில் ஸ்பேனர் வைத்துக் கழற்றுவதற்குத் தனி மேனிஃபோல்டு என்று எதுவும் இல்லை.