அடங்கல்

‘அடங்கு’ என்ற வினையில் பிறந்த பெயர்ச்சொல் அடங்கல். எல்லாம் உள்ளே சேர்ந்தது என்று பொருள். மூவர் பாடிய தேவாரமான முதல் ஏழு திருமுறைகளுக்கு ‘அடங்கன்முறை’ என்ற பெயர் வந்ததும் இப்படித்தான். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் அடங்கல் என்றதும் தேவாரம் நினைவுக்கு வராது, கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.தான் வருவார். பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு எல்லாவற்றுக்கும் அவர் தரும் அடங்கல் வேண்டும்.

அது கிராமக் கணக்கு எண் 2. ஜூலையில் தொடங்கும் ஒவ்வொரு பசலி ஆண்டுக்கும் எந்தப் புல எண்ணில் குறுவை, எதில் சம்பா, எதில் தாளடி என்று வயலைப் பார்த்து எழுதுவது. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு, கிராமக் கணக்கை எழுதிவந்த கர்ணம் பதவியை ஒழித்தது. பின்னால் வந்தவர்களுக்குக் கணக்கு நோட்டு கிடைத்தது; எந்த வரப்பில் என்ன தகராறு என்ற விவரம் பழைய கர்ணத்தோடு வீட்டுக்குப் போயிருக்கும்.

நிரல் எழுதும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடமும் இதே தொல்லைதான். புதிய அமர்வு பொதுவாக வெறும் தலையோடு தொடங்கும். நேற்று எது முடிந்தது, எந்த வழி ஏன் கைவிடப்பட்டது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால் திட்டக் கோப்புறையில் ஒரு குறிப்புக் கோப்பு வைக்கிறார்கள். கிளாட் கோட் போன்றவை அதைப் படித்துவிட்டு வேலையில் இறங்கும். ‘சூழல் கோப்பு’ என்று சுவையில்லாமல் சொல்வதைவிட, அதை அடங்கல் என்றே அழைக்கலாம் என்பது என் கட்சி. கைவிட்ட வழிகளையும் அதில் எழுதவேண்டும். பலர் முடிந்ததை மட்டும் எழுதுகிறார்கள்.

வயலுக்குப் போகாமலே, போன பசலியின் கணக்கைப் பார்த்து எழுதும் அடங்கலும் உண்டு. அதைப் பிடிக்கக் கிராமக் கணக்குக்கு ஆண்டுதோறும் ஜமாபந்தி என்ற தணிக்கை இருக்கிறது. ஆனால் உதவியாளருக்கான குறிப்புக் கோப்பைச் சரிபார்க்கத் தாசில்தார் யாரும் வரமாட்டார்.